எதைத் தொடாமல் விடுவீர்கள்?

"வெப்சைட் ரீடிசைன், அதோடு எஸ்இஓ" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் எங்கள் தொழிலில் விற்கிறோம். கேட்பவருக்கும் அது இயல்பாகவே படும். தளம் பழசாகிவிட்டது, புதிதாகக் கட்டப்போகிறார்கள், கட்டும்போதே கூகுளில் மேலே வரும்படி கட்டிவிடுவார்கள், அவ்வளவுதானே? ஆனால் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருப்பதைவிட, ஒன்றின் காலை இன்னொன்று வாரிவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தேடலிலிருந்து ஒரு தளத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஆட்களை ஒரே வாரத்தில் விரட்டியடிக்க வேண்டுமா? யோசிக்காமல் செய்யும் ரீடிசைனைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அந்த முழம் எங்கே சறுக்கும் என்று எந்தப் புரொபோசலிலும் யாரும் எழுதுவதில்லை.

இந்த எண்ணம் மனதின் ஓரத்தில் வெகுநாளாகக் கிடந்தது. அதைக் கிளறிவிட்டது ஒரு கூட்டம். எடைபோடும் இயந்திரங்களை விற்று, பழுதும் பார்த்துக்கொடுக்கும் நிறுவனம் ஒன்றை என் நண்பர் நடத்துகிறார். தளத்தை மாற்றலாம் என்று முடிவெடுத்தபோது வேலையை என்னிடம் தரவில்லை. நட்பில் பணம் கலக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஏற்பாடு. "பிட்ச் பண்ண வர்றவங்க பேசும்போது நீ பக்கத்துல உட்கார்ந்து கேளு, அது போதும்" என்றார். சரி என்று போனேன். விற்கிற பக்கமே பழகியவன் வாங்குகிற பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் காது வேறு மாதிரி வேலை செய்கிறது. எங்கே குரல் தாழ்கிறது, எங்கே வேகமாகத் தாண்டுகிறார்கள், எந்த ஸ்லைடில் வேண்டுமென்றே கொஞ்சம் நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் துல்லியமாகக் கேட்டது.

சிவப்பு வட்டம்

வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தொடங்கினார்கள். பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று அளக்கும் கூகுளின் இலவசக் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸைத் திறந்து, தளத்தின் முகவரியைப் போட்டு, வட்டம் சிவப்பாகும்வரை பேசாமல் இருந்தார்கள். எண் முப்பதுகளில் வந்து நின்றது. "பாத்தீங்களா சார்?" அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நண்பரின் முகம் விழுந்துவிட்டது. பிட்ச்சின் பாதி வேலை அங்கேயே முடிந்தது.

அந்த எண் பொய்யில்லை. ஆனால் அது சோதனைச்சாலை எண். நடுத்தரமான ஒரு கைபேசி, மெதுவான இணைப்பு என்று ஒரு நிலைமையை வைத்துக்கொண்டு, லைட்ஹவுஸ் என்ற கருவி பக்கத்தை ஒருமுறை ஏற்றிப் பார்த்துப் போடுகிற மதிப்பெண். அதே திரையில் அதற்கு மேலேயே இன்னொரு பகுதி இருக்கிறது. குரோமில் அந்தத் தளத்தை உண்மையிலேயே திறந்தவர்களிடமிருந்து கடந்த 28 நாட்களில் சேர்ந்த கணக்கு அது. கோர் வெப் வைட்டல்ஸ் என்று கூகுள் சொல்வதை அந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிவிநாடிக்குள் திரையில் ஏதாவது அசைய வேண்டும், பக்கம் ஏறும்போது எழுத்துகள் அங்கும் இங்கும் தாவக் கூடாது. நான்கில் மூன்று பங்கு வருகைகளிலாவது இப்படி இருந்தால் தேர்ச்சி. நண்பரின் தளம் மூன்றிலும் தேறியிருந்தது, பச்சை நிறத்தில் எழுதியே இருந்தது. பேசியவர்கள் அந்தப் பகுதியை விருட்டென்று தாண்டிச் சிவப்பு வட்டத்துக்கு இறங்கிவிட்டார்கள்.

அப்புறம் ஆடிட் ரிப்போர்ட். நிறைய பக்கங்கள், நிறைய சிவப்புப் புள்ளிகள். "மெட்டா கீவேர்ட்ஸ் இல்லை" என்று ஒன்றில் கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தின் நிரலுக்குள் முக்கியச் சொற்களைப் பட்டியலிட்டு வைக்கும் குறிச்சொல் அது. வலைத் தேடலில் தளங்களை வரிசைப்படுத்த அதை நாங்கள் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்னொன்றில் "டொமைன் அத்தாரிட்டி மிகக் குறைவு" என்றிருந்தது. அது மோஸ் என்ற நிறுவனம் தன் கணக்குப்படி போடுகிற எண். இரண்டு தளங்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கொஞ்சம் உதவும், ஆனால் கூகுள் அதை வைத்து யாரையும் ஏற்றுவதுமில்லை, இறக்குவதுமில்லை. இதெல்லாம் பேசியவர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ரிப்போர்ட்டை ஒரு கருவி தானாகத் தயாரிக்கிறது, அதில் வந்ததை நீக்குவானேன் என்று விட்டுவிடுகிறார்கள். சிவப்புப் புள்ளி எத்தனை கூடுகிறதோ அத்தனை நல்லதுதானே.

இந்த வியாபார முறை எவ்வளவு தேய்ந்துபோனது என்பதற்கு கூகுளின் உதவிப் பக்கமே சாட்சி. எஸ்இஓ ஆட்களை வேலைக்கு அமர்த்துவது பற்றி அவர்கள் எழுதிவைத்திருக்கும் குறிப்பில், முன்பின் தெரியாதவர்கள் திடீரென்று அனுப்பும் மின்னஞ்சல்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்கிறார்கள். கூடவே ஒரு வேடிக்கையும் சொல்கிறார்கள். "உங்கள் தளம் முக்கியமான தேடுபொறிகளில் இடம்பெறவில்லை" என்ற கடிதம் அவர்களுக்கே, கூகுள் தளத்தின் பெயருக்கே வருகிறதாம். முதலிடம் வாங்கித் தருகிறேன் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. மாற்றங்களைச் செய்து பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். அன்று வந்தவர்களில் ஒருவர் தொண்ணூறு நாளில் முதல் பக்கம் என்றார். எந்தச் சொல்லுக்கு என்று நான் கேட்டேன். "அதை நாம சேர்ந்து முடிவு பண்ணலாம் சார்" என்றார். யாருமே தேடாத சொல்லுக்கு முதல் பக்கம் வருவது ஒன்றும் கடினமில்லை, அதற்குத் தொண்ணூறு நாள்கூட அதிகம்.

அக்கா கேட்ட கேள்வி

அந்த அறையில் நண்பரையும் என்னையும் தவிர இன்னொருவரும் இருந்தார். சர்வீஸ் பிரிவின் பொறுப்பாளர். அலுவலகத்தில் எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிடுகிறார்கள். தளத்தைப் பற்றிப் பேச அவரை யாரும் அழைத்திருக்கவில்லை. வாடிக்கையாளர் விசாரணை எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும் என்பதால் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தார். குறிப்பு எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார், வெகுநேரம் எதுவும் எழுதவில்லை.

புதுத் தளம் எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரிப் படத்தை, அதாவது மாக்கப்பை, காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். முழுத் திரைக்கும் ஒரு படம், நடுவில் நாலே சொற்கள், கீழே இறக்க இறக்க ஒவ்வொன்றாக மிதந்து வரும் பெட்டிகள். நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டி நிறுவனத்தின் தளம் மினுமினுப்பதைப் பார்த்து அவருக்குள் ஓர் ஏக்கம் இருந்தது, அது தீரப்போகிறது என்ற சந்தோஷம். அப்போதுதான் அக்கா கேட்டார்.

"இதுல எர்ரர் பக்கம் எங்க இருக்கு?"

பேசிக்கொண்டிருந்த இளைஞருக்கு முதலில் புரியவில்லை. பிறகு நினைவு வந்து, "ஓ, அந்த டேபிளா மேடம்? அது ரொம்ப நீளமா, பழைய லுக்ல இருக்கு. ஒரு பிடிஎஃப் ஆக்கி டவுன்லோட்ஸ்ல வெச்சிடலாம். சைட் கிளீனா இருக்கும்" என்றார்.

"அப்போ வாரண்டி பக்கம்?"

"அதையும் எஃப்ஏக்யூல சேர்த்துடுவோம் மேடம்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சரி தம்பி, எதையெல்லாம் மாத்துவீங்கன்னு சொன்னீங்க. எதைத் தொடாம விடுவீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த இளைஞர் தன் லேப்டாப்பில் ஸ்லைடுகளை முன்னும் பின்னும் தள்ளினார். அந்தக் கேள்விக்கு அவரிடம் ஸ்லைடு இல்லை. லோகோ மாறாது என்று கடைசியில் சொன்னார்.

அந்த எர்ரர் பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தராசுத் திரையில் எண்ணுக்குப் பதிலாக ஏதோ ஒரு பிழைக் குறியீடு வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் பக்கம் அது. இடப்பக்கம் குறியீடு, வலப்பக்கம் விளக்கம், இரண்டே பத்தி கொண்ட அட்டவணை. எழுதியது அக்காதான். தொலைபேசியில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய், பல வருடங்களாக வரி வரியாகச் சேர்த்திருக்கிறார். தட்டின் மேல் ஏதாவது வைத்தபடியே இயந்திரத்தைப் போட்டீர்களா, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். புது இயந்திரமா, அடியில் போக்குவரத்துக்காக முடுக்கியிருக்கும் திருகைக் கழற்றினீர்களா பாருங்கள். தட்டு நாலு முனையிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கிறதா. படங்களும் அவரே கைபேசியில் எடுத்தவை. திருகைக் காட்டும் படத்தில் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் விழுந்திருக்கிறது. அழகியல் தெரிந்த எவரும் முதலில் தூக்க நினைக்கும் பக்கம்தான்.

கூட்டம் முடிந்ததும் நண்பரிடம் சர்ச் கன்சோலைத் திறக்கச் சொன்னேன். பேச வந்தவர்கள் யாரும் அதற்கு அனுமதி கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியிலிருந்து கருவி ஓட்டி எடுத்த ரிப்போர்ட்தான் எல்லோரிடமும் இருந்தது. சர்ச் கன்சோலில் 16 மாதக் கணக்கு கிடைக்கும். எந்தப் பக்கத்துக்கு எத்தனை கிளிக், என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்று கூகுளே கொடுக்கிற கணக்கு. பக்கவாரியாக வரிசைப்படுத்தினோம். முதலில் நின்றது எர்ரர் பக்கம். முகப்புப் பக்கம் அதற்குக் கீழே, வெகு தூரம் தள்ளி. தேடிய சொற்களைப் பார்த்தால், குறியீட்டையும் தராசையும் சேர்த்து முழு வாக்கியமாகத் தட்டியிருக்கிறார்கள். இயந்திரம் வேலைசெய்யாமல் நிற்க, எதிரே வாடிக்கையாளர் காத்திருக்க, கைபேசியில் அவசர அவசரமாகத் தட்டியது என்று பார்த்தாலே தெரியும். இப்படி வந்தவர்களில் பலர் விளக்கத்தைப் பார்த்துத் தாங்களே சரிசெய்துகொண்டு போய்விடுவார்கள். முடியாதவர்கள் அட்டவணைக்குக் கீழே இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுவார்கள். நண்பரின் சர்வீஸ் ஒப்பந்தங்களில் கணிசமானவை அந்த அழைப்புகளில் தொடங்கியவை. இதை அக்கா வாயால் சொல்லிக் கேட்டபோது, முதலாளிக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

எங்கே சறுக்கும்

அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிடிஎஃப் கோப்பையும் கூகுள் படிக்கும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் பழைய முகவரி செத்துப்போகும். அந்த முகவரிக்கு வெளியிலிருந்து யார் யாரோ கொடுத்த லிங்க் எல்லாம் 'பக்கம் இல்லை' என்கிற வெறும் 404-க்குப் போய் முட்டும். கைபேசியில் பிடிஎஃப்பைத் திறந்து விரலால் பெரிதாக்கிப் படிக்கிற பொறுமை, கடையில் கூட்டத்தை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இருக்காது. கூப்பிட வேண்டிய எண்ணும் அந்தக் கோப்புக்குள் எங்கோ போய்விடும்.

ரீடிசைனில் தேடல் போக்குவரத்து கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான், முகவரியில். புதுத் தளத்தை வேறு மென்பொருளில் கட்டும்போது பக்கங்களின் முகவரிகள் மாறிவிடுகின்றன. வீடு மாறுகிறவர் புது விலாசத்தைத் தபால்காரரிடம் சொல்லிவிட்டுப் போவது மாதிரி, பழைய முகவரி ஒவ்வொன்றுக்கும் அதன் புது முகவரியைக் காட்டி 301 ரீடைரக்ட் போட வேண்டும். குறைந்தது ஓராண்டாவது அதை எடுக்காமல் வைத்திருங்கள் என்பது கூகுளின் அறிவுரை. நேரமில்லை என்று எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. சம்பந்தமில்லாத பக்கத்துக்குத் திருப்பினால் அதை 'பக்கம் இல்லை' என்ற கணக்கிலேயே கூகுள் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறவே கூடாது என்று 1998-லேயே எழுதிவைத்துவிட்டார். முகவரியை மாற்றாமலே கட்ட முடியுமென்றால் அதைவிட நல்லது இல்லை. பெரும்பாலும் முடியும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இன்னொரு விபத்து இதைவிடச் சின்னது, ஆனால் அடி பெரியது. தளத்தைக் கட்டும்போது தேடுபொறிகள் எட்டிப்பார்க்காமல் இருக்க ஒரு தடை போட்டிருப்பார்கள். தளம் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் அது அமைப்புகளில் இருக்கும் ஒரே ஒரு டிக். தளத்தை வெளியிடும் பரபரப்பில் அந்த டிக்கை எடுக்க மறந்தால், புத்தம் புதுத் தளம் கூகுளிலிருந்து மெல்ல மெல்லக் காணாமல் போகும். யாரும் உடனே கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் தளம் திறக்கிறது, பளபளவென்று இருக்கிறது. விசாரணைகள் குறைகிறதே என்று யாராவது தலையைச் சொறியும்போது வாரங்கள் ஓடியிருக்கும். அதற்குள் விற்றவர் எஸ்இஓவுக்கு மாதாந்திரக் கட்டணம் வாங்கத் தொடங்கியிருப்பார். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்றால், திருகுவலிக்கும் அவரே வைத்தியர்.

இதை வைத்து ரீடிசைனே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரீடிசைன்தான் முதல் எஸ்இஓ வேலை என்று சொல்ல வேண்டிய தளங்களும் இருக்கின்றன. தளத்தின் கைபேசி வடிவத்தையே முதன்மையாகப் பார்ப்போம் என்று கூகுள் 2016-ல் அறிவித்து, 2023 அக்டோபரில் அந்த மாற்றம் ஏறக்குறைய நிறைவடைந்ததாகச் சொன்னது. கணினியில் இருக்கும் விவரங்களில் பாதி கைபேசியில் இல்லாத தளம் என்றால், கூகுளுக்கும் அந்தப் பாதி இல்லாத மாதிரிதான். மெனுவைத் தட்டினால் திறக்கவில்லை, விசாரணைப் படிவம் அனுப்பினால் எங்கும் போய்ச் சேரவில்லை என்கிற தளங்களை இடித்துக் கட்டத்தான் வேண்டும். எனக்குச் சண்டை ரீடிசைனோடு இல்லை. எது ஏற்கெனவே ஓடுகிறது என்று பார்க்காமலே எல்லாம் குப்பை என்று தொடங்குகிற பிட்ச்சோடுதான்.

வாங்குகிறவர்களையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். தன் தளத்தை உலகத்திலேயே அதிகமுறை பார்ப்பவர் அதன் முதலாளிதான், அதனால் முதலில் அலுத்துப்போவதும் அவருக்குத்தான். வருகிறவருக்கு அலுக்கவில்லை. அவர் ஒரே ஒருமுறை, ஒரு குறியீட்டுக்குப் பதில் தேடி வந்தவர். பணம் கொடுக்கிற முதலாளிக்கு மாற்றம் கண்ணில் தெரிய வேண்டும். விற்கிறவருக்கும் கண்ணில் தெரிகிற மாற்றத்துக்குத்தான் பணம் கேட்க முடியும். இருவருக்கும் வசதியான இந்த ஏற்பாட்டில், சத்தமில்லாமல் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும் ஓர் அட்டவணைக்காகப் பேச அந்த அறையில் அக்காவைத் தவிர யாருமில்லை.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2024-லிருந்து தேடல் முடிவுகளின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுக்கும் சுருக்கம் வரத் தொடங்கியதும், அதில் இடம்பிடித்துத் தருகிறோம் என்று தனிப் பொட்டலமாக விற்கிறார்கள். அன்றும் ஒருவர் அதைப் பற்றி ஒரு ஸ்லைடு வைத்திருந்தார். அந்தச் சுருக்கமும் எங்கோ ஒரு மனிதர் தெளிவாக எழுதிவைத்த பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். நண்பரின் தளத்தில் அப்படிப்பட்ட பக்கம் எது என்று பார்த்தால், பிடிஎஃப் ஆக்கலாம் என்று சொன்னார்களே, அதேதான்.

மாறாதவற்றின் பட்டியல்

நண்பர் கடைசியில் யாரிடம் வேலையைக் கொடுத்தார் என்றால், லோகோ மாறாது என்று சொன்ன அந்த இளைஞரின் நிறுவனத்திடம்தான். அக்காவின் கேள்விக்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். சர்ச் கன்சோலுக்கு அனுமதி கேட்டு வாங்கி, பழைய முகவரிகளை எல்லாம் ஒரு ஷீட்டில் இறக்கி, எதிரே புது முகவரி, அதற்குப் பக்கத்தில் 'மாற்றமில்லை' என்ற ஒரு கட்டம் வைத்து அனுப்பினார். எர்ரர் பக்கம் அந்தக் கட்டத்தில் முதல் வரியில் இருந்தது. எழுத்துரு மட்டும் மாறும், சொற்களும் முகவரியும் அப்படியே இருக்கும், படங்கள் புதிதாக எடுக்கப்படும் என்று குறிப்பு. படங்கள் விஷயத்தில் அக்கா ஒப்புக்கொண்டார், திருகுப் படத்தைத் தவிர. அதில் விரல் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்டுகிறதாம், அது தெரியாமல் திருகை உடைத்துக்கொண்டவர்கள் உண்டாம். அந்த ஷீட் ஒப்பந்தத்தோடு இணைப்பாகப் போனது.

அன்றிலிருந்து என் புரொபோசல்களிலும் முதல் பக்கத்தில் இப்படி ஒரு பட்டியல் போடுகிறேன். தொடாமல் விடும் பக்கங்கள் எவை, ஏன் தொடவில்லை, இப்போது அவற்றுக்கு எத்தனை கிளிக், தளம் மாறிய பிறகு யார் எப்போது அவற்றைச் சோதித்துப் பார்ப்பார்கள். இதற்காக முதல் சந்திப்பிலேயே சர்ச் கன்சோல் அனுமதி கேட்கிறேன். தரத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கணக்கு யார் பேரில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் அவர்களைவிட அதிகம். பழைய டிசைனரோடு போய்விட்டது என்பார்கள். அப்படியானால் அதை மீட்டு உரிமையாளர் பேரிலேயே வைப்பதுதான் முதல் வேலை, அதை ரீடிசைன் செலவில் சேர்ப்பதில்லை.

இதில் நான் எதிர்பார்க்காத தொல்லை ஒன்று இருக்கிறது. பட்டியலைப் பார்த்ததும் சிலர் கேட்பது, "இத்தனை பக்கத்தை நீங்க தொடவே போறதில்லையே, அப்போ அதுக்குக் காசு குறைப்பீங்களா?" ஒரு பக்கத்தைத் தொடாமல் புதுத் தளத்துக்குக் கொண்டுபோவது, தொட்டு மாற்றுவதைவிடச் சில சமயம் அதிக வேலை என்று விளக்கினால் நம்பிக்கையில்லாமல் பார்க்கிறார்கள். அதனால் இப்போது ரீடைரக்ட் போடுவது, வெளியிட்ட அன்றும் அடுத்த சில வாரங்களும் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது, தடை டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்ப்பது எல்லாவற்றையும் தனித்தனி வரியாகத் தொகையோடு காட்டுகிறேன். முதலில் பேரம் பேசுவது அந்த வரிகளைத்தான். வடிவமைப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்கிறேன், அதில் மட்டும் குறைப்பதில்லை.